மூன்று சுற்றில் இறுகிய நிப்பிள்

டிசம்பர் கடைசி வாரம். ஒஹாயோவில் முன்வாய்த் துப்பாக்கிக்கான மான் வேட்டைப் பருவம் ஜனவரித் தொடக்கத்தில் சில நாள்தான் திறக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் பெயரை முழுதாகச் சொல்ல வராமல் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். அன்று சாயங்காலம் ஒரு நீளத் துணி உறையோடு என் கராஜ் வாசலில் வந்து நின்றார்.

உள்ளே இருந்தது .50 காலிபர் ரைஃபிள். எட்டுப் பட்டைக் குழல், பாதி நீளத்துக்கு வால்நட் மரக்கட்டை. 19-ஆம் நூற்றாண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கிகளின் சாயலில் பிற்காலத்தில் செய்த நகல். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வோமே, வேலை செய்யும் விதம் அதேதான். வாய் வழியாகக் கருமருந்து, அதன் மேல் துணியில் சுற்றிய ஈயக் குண்டு, கோலால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கம் பக்கவாட்டில் நத்தை ஓடு போல் ஒரு இரும்புப் புடைப்பு. அதில் மரை போட்டுத் திருகிய சின்னக் குழாய்தான் நிப்பிள். அதன் தலையில் செம்புக் கேப்பை மாட்டி, குதிரையை இழுத்து விசையை அழுத்தினால், குதிரை கேப்பை அடிக்கும். கேப்பின் தீ நிப்பிளின் நடுத் துளை வழியாக மருந்துக்குப் போகும். தீபாவளிக்குச் சின்ன வயதில் கேப் துப்பாக்கி வெடித்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

அவர் சொன்ன பிரச்சினை: ஒவ்வொரு முறை சுட்டதும் நிப்பிள் கொஞ்சம் தளர்கிறது. கை விரலாலேயே திருப்பலாம். கடைசியாகச் சுட்டபோது கன்னத்தில் சூடாக ஏதோ பட்டது. அதனால் நிப்பிளைக் கழற்றி, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஸ்பேனரால் நன்றாக முறுக்கிவிட்டாராம். இப்போது கெட்டியாக இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடேன் என்றார்.

நான் டூல்ரூம் ஆள், கருவிகளும் அச்சுகளும் செய்யும் பட்டறை வேலை. துப்பாக்கி எனக்குத் தொழில் இல்லை. இந்தியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற குட்டி ஊரில் தேசிய முன்வாய்த் துப்பாக்கிச் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. 1933-இல் தொடங்கிய சங்கம் அது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே போட்டி நடக்கும். இந்தப் பெரியவர்தான் என்னை அங்கே கூட்டிப்போய் இந்தக் கிறுக்கைப் பிடிக்க வைத்தார். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. ஆனால் மரை என்றால் எனக்குத் தெரியும். கோயம்புத்தூர் கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில் மூன்று வருஷம் மரை வெட்டியே கை காய்த்தவன். மரை, கழுத்து, கன்னம், வெடிமருந்து, டெஃப்லான் டேப் என்று ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

முதலில் துப்பாக்கி காலியா என்று பார்க்க வேண்டும். அவர் காலிதான் என்றார். முன்வாய்த் துப்பாக்கியில் ‘காலிதான்’ என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. திறந்து பார்க்க இதில் கதவு கிடையாது. கோலை வாய் வழியாக அடிவரை இறக்கி, வாயோடு ஒட்டிய இடத்தில் பென்சில் கோடு போட்டேன். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நுனி எங்கே வருகிறது? நிப்பிளுக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. இந்த வகைப் பிரீச்சில், அதாவது குழலின் பின்முனை அடைப்பில், மருந்தறை குழலைவிடக் குறுகல். அதனால் கோல் நிப்பிள் வரை போகாது, அந்த அளவு இடைவெளி சரிதான். உள்ளே மருந்தும் குண்டும் இருந்தால் இன்னும் ஓர் அங்குலத்துக்கு மேல் முன்னாலேயே நின்றிருக்கும். ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கையும் நூலில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தோம். பளிச்சென்று அடிச்சுவர் தெரிந்தது. கேப் டப்பாவை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டேன்.

கழற்றும் முன் ஐந்து நிமிஷம் சும்மா பார்த்தேன். கரி எங்கே படிந்திருக்கிறது என்பதுதான் இதில் பாதிப் பரிசோதனை. நிப்பிளின் நடுத் துளை எரிந்து பெரிதாகிவிட்டால் புகை மேல் வழியாகத் திரும்பி வரும். குதிரையின் வாய்க்குழிக்குள் கரி அப்பும், கேப் துண்டு துண்டாகச் சிதறும், சுட்டதும் குதிரையே பின்னால் எகிறி அரை இழுப்பில் போய் நிற்கும். மரை வழியாகக் கசிந்தால் கரி நிப்பிளின் அடியைச் சுற்றி வட்டமாக இருக்கும். ஒரு பக்கமாக வால்நட்சத்திரம் போல் நீண்டிருக்கும். இதில் வால்நட்சத்திரம் இருந்தது. பின்பக்கமாக, சுடுபவர் முகம் இருக்கும் திசையில். கட்டையின் மரத்தில் விரல் நகம் அளவுக்குப் பழுப்பாகக் கருகலும் இருந்தது. டேப்பைச் சுற்றிய பிறகு அவர் இன்னும் சுடவில்லை என்பது நல்ல காலம்.

குழலைக் கட்டையிலிருந்து எடுப்பது சுலபம். இரண்டு ஆப்புகளைத் தட்டி எடுத்து, குதிரையை அரை இழுப்பில் வைத்து, வாய்ப்பக்கம் தூக்கினால் பின்கொக்கி கழன்று வந்துவிடும். குழலை வைஸில் செம்புத் தகடு வைத்துப் பிடித்தேன். நிப்பிள் ஸ்பேனரை வைத்துத் திருப்பினேன். முதலில் கனமாக, டேப் கிழியும் கரகரப்போடு வந்தது. அப்புறம் திடீரென்று இலகுவாகிவிட்டது. கடைசி மூன்று சுற்று விரலாலேயே, லொடலொட என்று ஆடிக்கொண்டே வெளியே வந்தது.

அங்கேயே மாமாவின் குரல் காதில் கேட்டது. பட்டறையில் நான் ‘இறுகிருச்சுங்க மாமா’ என்று சொன்னால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ‘இறுகிருச்சுங்கறது சேதி இல்ல கண்ணு. எத்தனாவது சுத்துல இறுகுச்சு, அதச் சொல்லு’ என்பார். சரியான மரை கடைசி வரை விரலால் ஓட வேண்டும். உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக வேண்டும். நடுவில் இறுகினால் ஒன்று அழுக்கு, ஒன்று கோணல், இல்லையென்றால் அது வேறு மரை.

நிப்பிளை டேப்பை உரித்துக் கழுவி வெர்னியரில் பிடித்தேன். மரையின் வெளி விட்டம் 5.9 மி.மீ. அமெரிக்காவில் செய்யும் பெரும்பாலான கேப் ரைஃபிள்களின் நிப்பிள் மரை 1/4-28. அதாவது கால் அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 28 மரை. கால் அங்குலம் 6.35 மி.மீ.; மரையின் தலை தேய்ந்திருந்தாலும் 6.1-க்குக் கீழே வரக் கூடாது. பிட்ச் என்பது பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள தூரம்; அதை அளக்கும் பிட்ச் கேஜில் 28-ஆம் இலையை வைத்தேன், தள்ளாடியது. மெட்ரிக் 1.0 இலையை வைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கீற்று ஒளிகூட வராமல் பொருந்தியது. எம்6, அதாவது பெயரளவில் 6 மி.மீ. விட்டம், பிட்ச் 1 மி.மீ. ஐரோப்பாவில் செய்து இங்கே விற்கும் ரைஃபிள்கள் பலவற்றில் இருக்கும் அளவு.

நிப்பிள் எம்6 என்றால் ஓட்டை என்ன? அவருடைய ரைஃபிளின் ஆவணம் எதுவும் இல்லை. யாரிடமோ கைமாறி வாங்கியது. பழைய நிப்பிளை வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து வீட்டுக்குப் போனார். பெப்பர்மின்ட் டப்பா ஒன்றோடு வந்தார். இரண்டு சக்கிமுக்கிக் கல், ஒரு செப்புக் கம்பி, துருப்பிடித்த ஊசி, அதன் அடியில் பழைய நிப்பிள். அளந்தேன்: 6.27 மி.மீ. 28-ஆம் இலை கச்சிதம். ஆக, ஓட்டை 1/4-28.

இரண்டு நிப்பிளையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, ஒன்றின் மரைப் பல்லை மற்றதன் பள்ளத்தில் பொருத்தி ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினேன். முதல் பல் சரியாக உட்காரும். இரண்டாவது கொஞ்சம் விலகும். மூன்றாவதில் கண்ணுக்கே தெரியும். ஐந்தாவதில் பல்லின் தலைமேல் பல் ஏறி நிற்கும். 28-இன் பிட்ச் 0.907 மி.மீ., அதற்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் ஒரு பல்லுக்கு 0.093. தாள் தடிமன்தான். ஐந்து பல்லில் அது கிட்டத்தட்ட அரைப் பிட்ச் ஆகிவிடுகிறது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதுவரை அவர் நம்பவில்லை.

ஏன் மூன்று சுற்று லொடலொட என்று போய் அப்புறம் இறுகியது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எம்6 சின்னது, 1/4-28 ஓட்டைக்குள் அதற்கு எல்லாப் பக்கமும் சந்து. அந்தச் சந்து நீளவாக்கில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் கொடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிட்ச் வித்தியாசம் அதில் 0.093 தின்றுவிடும். இரண்டரை, மூன்று சுற்றில் ஆட்டம் தீர்ந்துபோய்ப் பல்லும் பல்லும் முட்டும். அதற்குமேல் ஸ்பேனரால் முறுக்கினால் இறுகுவது போலத் தோன்றுவது மரை பிடிப்பதால் அல்ல, மரை மரையைச் சிராய்ப்பதால். கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னொன்று: இப்படி மாட்டிய நிப்பிளின் பல், ஓட்டையின் பல்லை சுமார் 0.2 மி.மீ. ஆழத்துக்குத்தான் தொடும். சரியான ஜோடியில் இருக்க வேண்டியதில் பாதிதான்.

அந்தப் பாதி எதைத் தாங்க வேண்டும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பிரீச்சில் சதுர அங்குலத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு அழுத்தம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிப்பிளின் அடி சரியாக உட்கார்ந்து புகை சுற்றிவராமல் தடுத்தால், அழுத்தம் அடியிலுள்ள சின்ன வாய்க்காலின் மேல் மட்டும்தான். அடி உட்காராமல் புகை மரைக்குள் ஏறினால் கால் அங்குல வட்டம் முழுவதும் தள்ளும். அது 490 பவுண்டு, ஏறத்தாழ 220 கிலோ. நான்கு மூட்டை அரிசியைத் தலைகீழாகத் தூக்கி வைத்தது மாதிரி. நிப்பிள் பறந்தால் அது போகும் திசையில் இருப்பது சுடுபவரின் நெற்றியும் கண்ணும்.

தப்பு எங்கே நடந்தது? டப்பாவிலிருந்த பழைய நிப்பிளின் நடுத் துளையில் 1.1 மி.மீ. டிரில் தாராளமாகப் போனது. புதிதில் அது 0.7 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதாவது போன வருஷம் அவருக்கு முதலில் வந்த நோய் துளைத் தேய்மானம்தான். குதிரை எகிறுவதைப் பார்த்து நிப்பிளை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது சரி. ஒரு கடையில் போய் ‘11-ஆம் நம்பர் நிப்பிள்’ கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். 11 என்பது மேலே மாட்டும் கேப்பின் அளவு. கீழே உள்ள மரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 11-ஆம் நம்பர் கேப் பொருந்தும் நிப்பிளில் 1/4-28 உண்டு, எம்6×1 உண்டு, எம்6×0.75 உண்டு, 5/16-24-உம் உண்டு. பாக்கெட்டின் பின்புறம் சின்ன எழுத்தில் மரை அளவு போட்டிருந்ததாம். கண்ணாடி இல்லாமல் போயிருக்கிறார்.

இந்தக் குழப்பம் புதிதல்ல என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் அடித்தால் வெடிக்கும் மருந்தால் துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு 1807-இல் காப்புரிமை வாங்கினார். செம்புக் கேப்பும் நிப்பிளும் அதற்குப் பின்னால் வந்தவை. அமெரிக்காவில் மரைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று வில்லியம் செல்லர்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் பேசியதே 1864-இல்தான். இடையில் அரை நூற்றாண்டு ஒவ்வொரு கொல்லனும் தன் கையிலிருந்த டேப் (சுற்றும் டேப் அல்ல, ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) வெட்டியதையே மரை என்றான். பழைய அசல் துப்பாக்கிகளில் இன்றைக்கு எந்தப் பட்டியலிலும் இல்லாத மரை கிடைப்பது அதனால்தான். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் 1/4-28 ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்ததா என்றார்.

முடியவில்லை. நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

நிப்பிள் கடினப்படுத்திய எஃகு. பிரீச் அதைவிட மென்மை. இரண்டும் முட்டிக்கொண்டால் தேய்வது பிரீச்தான். ஓட்டையைச் சோப்புப் போட்ட வெந்நீரில் பிரஷ்ஷால் மூன்று முறை கழுவினேன். கருமருந்துச் சாம்பல் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு துருவை வளர்க்கும். அதன் மேல் எண்ணெய் ஊற்றினால் அழுக்கைப் பாதுகாத்து வைப்பதுதான் நடக்கும். காய்ந்ததும் பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் சிலிக்கான் களிமண்ணைக் கொஞ்சம் உருட்டி உள்ளே அழுத்தினேன். ஓட்டைக்கு முதலில் துளி எண்ணெய் தடவியிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து மெதுவாகத் திருகி எடுத்தால் மரையின் நகல் கையில். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மேலே இரண்டு பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மொட்டையாக. நடுவில் மூன்று பல்லின் தலை சீவியது போல் தட்டை. அடியில் முகம் பார்க்கும் பக்கமாக ஒரு கால்வாய், மூன்று பல்லைக் குறுக்கே அறுத்துக்கொண்டு மேலேறியிருந்தது. சூடான புகை தன் வழியைத் தானே வெட்டிக்கொண்ட தடம். வால்நட்சத்திரத்தின் வேர்.

அடுத்த நாள் வேலையிடத்தில் கேட்டு ஓட்டையின் மரை அளவுக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் 1/4-28 கோ, நோ-கோ கேஜ் இரண்டையும் இரவல் வாங்கி வந்தேன். கோ போக வேண்டும், போனது. நோ-கோ மூன்று சுற்றுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு சுற்று போனது. ஐந்தும் போனது. ஆட்டினால் ஆடியது. அதற்கு மேல் தீர்ப்பு சொல்ல ஒன்றுமில்லை: ஓட்டை போய்விட்டது.

அன்று இரவு மாமாவை வாட்ஸாப்பில் பிடித்தேன். அங்கே காலை, பட்டறை திறக்கும் நேரம். சிலிக்கான் அச்சின் படத்தை அனுப்பிவிட்டுப் பேசினேன். தேய்ந்த ஓட்டைக்குள் புது மரையாகத் திருகும் கம்பிச் சுருளுக்கு ஹெலிகாயில் என்று பெயர்; அதைத்தான் முதலில் கேட்டேன்.

‘ஏனுங்க மாமா, ஹெலிகாயில் போட்டுக்கலாமுங்களா?’

‘உள்ள என்ன போகுது?’

‘வெடிமருந்துப் புகைங்க மாமா.’

கொஞ்ச நேரம் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ‘கம்பிச் சுருளுக்கு நடுவால சந்து இருக்குமே கண்ணு. காத்து போற எடத்துல அத வெக்காத. அடுத்த சைஸுக்குப் போயிரு, செவுத்துல எரும்பு இருக்குதான்னு மட்டும் மொதல்ல பாத்துக்க.’

ஒட்டுப் பசை, மரை பிடிக்கும் லாக் திரவம், வெல்டிங் என்று பெரியவர் கேட்டுக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் அதுவே பதில். டெஃப்லான் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். புகையின் சூடு அதைவிட எவ்வளவோ மேலே. அந்த டேப் செய்த ஒரே வேலை, தளர்ந்த மரையைக் கைக்கு இறுக்கமாகக் காட்டியது. கசிந்துகொண்டிருந்தாலாவது கரி காட்டிக் கொடுத்திருக்கும்.

அடுத்த அளவு என்பது 5/16-24. பழைய ராணுவ மஸ்கெட் நகல்களின் நிப்பிளுக்கு வழக்கமான மரை. அதில் 11-ஆம் நம்பர் கேப் மாட்டும் தலையோடும் கிடைக்கும், அதனால் அவர் கேப்பை மாற்ற வேண்டாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: 5/16-24 டேப்புக்கு முன்னால் போட வேண்டிய டிரில் 6.9 மி.மீ.; பழைய மரையின் வெளி விட்டமே 6.35. ஆக, பழைய மரை முழுவதும் சீவிப் போய்விடும், மிச்சம் மீதி இருக்காது. புகை அறுத்த கால்வாயும் அதோடு போக வேண்டும். அச்சில் அளந்தேன், 0.2 மி.மீ. ஆழம்தான், போய்விடும். நத்தைப் புடைப்பின் விட்டம் மெலிந்த இடத்தில் 14 மி.மீ. புது மரைக்கு 7.94 போனால் இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் சுவர். அது இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் புதுப் பிரீச் போடும் ஆளிடம் அனுப்பியிருப்பேன்.

வெட்டும் வேலை நான்கு நிமிஷம். பிடிக்கும் வேலை ஒன்றரை மணி நேரம். நிப்பிள் ஓட்டை குழலுக்குச் சாய்வாக நிற்கிறது. அந்தச் சாய்வை மில்லிங் மெஷினில் கொண்டுவர வேண்டும். மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில், துல்லியமாகத் தீட்டிய 5.4 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்றைப் பிடித்து, அதை ஓட்டைக்குள் மெல்ல இறக்கினேன். ஒரு பக்கம் உரசினால் வைஸைக் கொஞ்சம் சாய்ப்பது, மறுபடி இறக்குவது. எட்டுப் பட்டைக் குழல் என்பதால் பிடி நன்றாக நின்றது. உருண்டைக் குழலாக இருந்தால் அழுதிருப்பேன். அந்தக் கம்பி எங்கும் தொடாமல் தானாக இறங்கியபோது இரவு பதினொன்று.

டிரில்லை நேரடியாக விடவில்லை. பழைய மரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது; டிரில் நுனி எளிய பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதோடு டிரில்லின் கூம்பு முனை அடியிலிருக்கும் தட்டைப் பகுதியைக் கெடுக்கும். நிப்பிளின் அடி உட்கார்வது அங்கேதான். அதனால் முதலில், தட்டை முனையால் வெட்டும் 6.5 மி.மீ. எண்டு மில்லை நேராக இறக்கினேன், பழைய அடியைத் தொட்டதும் நிறுத்தினேன். பிறகு 6.9 டிரில்லின் முனையைக் கிரைண்டரில் தட்டையாகத் தீட்டி அதே ஆழத்துக்கு. தீ போகும் வாய்க்காலில் முன்பே மெழுகை அடைத்திருந்தேன், சீவல் மருந்தறைக்குள் விழாமலிருக்க. அப்புறம் டேப் செட்டின் மூன்றும், வரிசையாக. முதல் டேப்பின் தலையை ஸ்பிண்டில் சென்டரால் பிடித்துக் கையால் திருப்பினேன். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. கடைசி டேப் அடியைத் தொடும்போது கைக்கு ஒரு மொழுக்கென்ற நிறுத்தம் வரும். அதற்கு மேல் ஒரு இம்மி திருப்பினாலும் டேப் உடைந்து உள்ளே நின்றுவிடும், அதற்குப் பிறகு நடக்கப்போவதை எழுத எனக்கு விருப்பமில்லை.

புது நிப்பிள் விரலாலேயே கடைசி வரை போனது. எண்ணினேன்: ஆறரைச் சுற்று, அப்புறம் டக். அடி முழுவதும் உட்காருகிறதா என்று பார்க்க, தொடும் இடத்தில் பதியும் நீலமை (புளூ) தடவ வேண்டும், அது தீர்ந்து போயிருந்தது. மனைவியின் கண்மையை நிப்பிளின் அடியில் மெலிசாகத் தடவி இறக்கி எடுத்தேன். வட்டத்தில் முக்கால்வாசிதான் பதிந்திருந்தது. ஒரு ஓரத்தில் சின்னப் பிசிர். கூர்மையான பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்து, கழுவி, மறுபடி தடவினேன். இப்போது முழு வட்டம். அதே கண்மையை மேல் நுனியிலும் தடவிக் குதிரையைக் கையால் மெல்ல இறக்கிப் பார்த்தேன். குதிரையின் குழியில் வட்டம் அரை மில்லிமீட்டர் முன்னால் தள்ளி விழுந்தது. விளிம்பில் இடிக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன். (கண்மையின் புது விலை பதினான்கு டாலர் என்பதும் அன்றுதான் தெரிந்தது.)

குழலை வெந்நீரால் நாலு தடவை அலசினோம். மெழுகு வந்தது, இரண்டு சீவல் வந்தது. நாலாவது தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் பெரியவர் அஞ்சாவதும் ஊற்றினார். மரைக்குச் செம்பு கலந்த கிரீஸ் ஒரு பொட்டு.

சோதனைக்கு அவருடைய நண்பரின் பண்ணைக்குப் போனோம். முதலில் மருந்தில்லாமல் கேப் மட்டும் மாட்டி, வாயைத் தரையிலிருந்த காய்ந்த புல்லுக்கு நேராக வைத்துத் தட்டினோம். புல் அசைந்தது, தீ வழி திறந்திருக்கிறது. அடுத்தது நிஜம். ரைஃபிளைப் பழைய டிராக்டர் டயரில் கட்டி, பின்னால் யாரும் இல்லாத பக்கம் நிப்பிளை வைத்து, விசையில் 20 மீட்டர் கயிறு. மண்மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். நிப்பிளின் அடியைச் சுற்றி வெள்ளைக் காகித டேப்பை ஒட்டியிருந்தேன், நிப்பிளுக்கும் புடைப்புக்கும் குறுக்கே சிவப்பு பெயிண்டால் ஒரு கோடும் இழுத்திருந்தேன். மரை கசிந்தால் காகிதம் சொல்லும், நிப்பிள் திரும்பினால் கோடு சொல்லும்.

40 கிரெயின் (மருந்தை அளக்கும் எடை அலகு) மருந்தில் ஐந்து. 60-இல் ஐந்து. அவருடைய வழக்கமான அளவான 80-இல் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். டிசம்பர் கடைசிக் குளிரில் அந்த 20 மீட்டர் நீண்டுகொண்டே போனது. காகிதத்தின் மேல் ஓரத்தில் கேப் சிதறிய சாம்பல் புள்ளிகள் இருந்தன. அடி ஓரம் வெள்ளையாகவே இருந்தது. கோடு கோடாகவே நின்றது. குதிரை ஒருமுறையும் எகிறவில்லை.

பதினாறாவதை அவரே தோளில் வைத்துச் சுடுகிறேன் என்றார். சுட்டார். புகை விலகும் வரை நான் இலக்கைப் பார்க்கவில்லை, அவர் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கட்டையில் பூட்டும் முன், குழலின் அடிப்பட்டையில், மரத்துக்குள் மறையும் இடத்தில், எலக்ட்ரிக் பேனாவால் ‘5/16-24’ என்று கீறினேன். அவருக்குப் பிறகு இதை யார் கையில் எடுத்தாலும் ஆப்பைத் தட்டினால் தெரியும். எம்6 நிப்பிளை அவர் பெப்பர்மின்ட் டப்பாவில் போடப் போனார். அதை வாங்கி, வைஸில் வைத்து, தலையைச் சுத்தியலால் ஓர் அடி அடித்துக் கோணலாக்கிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.